சட்டம் அத்தை வீட்டுக் கயிறு

அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் எப்படியும் ஒரு முறை ஏமாந்துவிடுவார்கள்.

"நாலாவது மாடியில சட்டக்காரம்மா இருக்காங்க" என்று யாராவது சொல்வது காதில் விழும். வக்கீல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறது, வழக்குப் போட முடியுமா என்று கேட்க மூச்சு வாங்க மாடியேறிப் போவார்கள். போய்ப் பார்த்தால் மரத்தூள் படிந்த ஒரு மேசை இருக்கும். கண்ணாடி வெட்டும் கருவி இருக்கும். சுவரில் நீள நீளமாக மரச் சட்டங்கள் சாய்ந்து நிற்கும். அவர் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர்.

அவருக்குக் காது கேட்காது. பேச்சும் கிடையாது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதிக்குக் கைச்சைகை இருக்கிறது. அதுவும் புரியாதவர்களுக்கு, வெட்டிப் போட்ட அட்டைத் துண்டும் பென்சிலும் இருக்கின்றன. நாய்க்காரர்களுக்கு அவர் அட்டையில் எழுதிக் காட்டும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாய்ப் படம் இருந்தால் கொண்டு வாருங்கள்."

மூன்றாவது மாடியில் இருந்த பட்டாணிக்கு அவர் 'சட்டம் அத்தை'. பட்டாணி பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று அவள் மாமா வைத்த பெயர் அது. இப்போது பத்து வயதில் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மிச்ச மரத்துண்டு பொறுக்க அத்தை வீட்டுக்குப் போய்ப் போய், அவளுக்குக் கைச்சைகை ஓரளவு பழகியிருந்தது.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு நாள் காலை ரேடியோவில் அறிவிப்பு வந்தது. வெப்பம் தாங்காமல் பெரிய மின்பாதைகள் திணறுகின்றனவாம். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றுபோகலாமாம். திரும்பி வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். தண்ணீர், மருந்து, விளக்கு எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அம்மா தையல் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வீட்டில் இருந்த அண்டா, குடம், வாளி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார். அது போதாமல் தம்பியைக் குளிப்பாட்டும் தொட்டியிலும் பிடித்து நடையில் வைத்தார்.

அப்பா கடைக்குப் போய்ப் பை நிறைய மெழுகுவத்தி வாங்கி வந்தார்.

"தீப்பெட்டி எங்க?" என்றார் அம்மா.

அப்பா பையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சரும் அதைப் பற்றித்தான் பேசினார். "கரண்ட் போனா உங்க வீட்டுல என்னென்ன நின்னுபோகும்? யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்."

"ஃபேன்."

"டிவி."

"மோட்டார் ஓடாது டீச்சர். தண்ணி வராது. குளிக்க வேண்டாம்" என்றான் ஒருவன். வகுப்பே கைதட்டியது.

பட்டாணி எழுந்தாள். "எங்க சட்டம் அத்தை வீட்டு காலிங் பெல் டீச்சர்."

"பெல் அடிக்கலைன்னா கதவைத் தட்ட வேண்டியதுதானே?" என்றது பின் வரிசை.

"அவங்களுக்குக் காது கேட்காது. வெளியில சுவிட்சை அழுத்தினா உள்ள லைட்டு மின்னும். அதான் அவங்க பெல்லு."

டீச்சர் தலையசைத்தார். "நல்லா கவனிச்சிருக்கே."

ஆனால் பட்டாணிக்கு மனம் அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டே வந்தது. லைட்டு மின்னாது. போனில் செய்தி அனுப்பலாம் என்றால், சார்ஜ் தீர்ந்தால் அதுவும் போச்சு. நேரில் போய் நின்றாலும் இருட்டில் உதடு தெரியாது, கை தெரியாது. மற்றவர்களுக்குக் கரண்ட் போனால் வெளிச்சம்தான் போகும். அத்தைக்குப் பேச்சே போய்விடும்.

புத்தகப் பையைக்கூட இறக்காமல் நாலாவது மாடிக்கு ஓடினாள். சுவிட்சை அழுத்தினாள். அத்தை கதவைத் திறந்ததும் ஓர் அட்டையை எடுத்து வேகமாக எழுதினாள்: "கரண்ட் போனால் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம். பாவம். கவலைப்படாதீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொள்கிறேன்."

அத்தை படித்தார். புருவம் மேலே போனது. அதே அட்டையைத் திருப்பிப் போட்டு எழுதினார்: "நீ பிறப்பதற்கு முன்பிருந்தே என்னை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்புறம் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, வாசல் வரை கொண்டுவந்து விட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

பட்டாணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. நல்லதுக்குத்தானே சொன்னோம் என்று இருந்தது. சாயங்காலம் சாப்பிடும்போதும் தட்டைக் கிண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "கரண்ட் நின்னா அந்த நிமிஷமே எனக்குக் கூப்பாடு வரும். எந்தெந்தக் கட்டடத்துல யார் யார் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறாங்களோ. எல்லாரையும் இறக்கிவிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வர முடியும்."

"நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. நம்ம வீட்டை யார் பார்த்துக்கிறது? எதிர்வீட்டுக்காரங்களும் மக வீட்டுக்குப் போறாங்களாம்" என்றார் அம்மா.

"ஏன், நீ இருக்கியே."

"நான் இருக்கேன், சரி. எனக்கு ஒண்ணுன்னா?"

அம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். பட்டாணி தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்தவருக்கு என்ன கஷ்டம் வரும் என்றுதான் அவள் நாளெல்லாம் யோசித்திருந்தாள். தன் வீட்டை நினைக்கவே இல்லை.

மறுநாள் மறுபடியும் மாடியேறினாள். கதவைத் திறந்த அத்தையின் முகம் 'இன்னும் என்ன?' என்று கேட்டது. பட்டாணி இந்த முறை மெதுவாக, யோசித்து யோசித்து எழுதினாள்.

"அப்பா வேலைக்குப் போய்விடுவார். எதிர்வீட்டில் ஆள் இல்லை. வீட்டில் அம்மா, தம்பி, நான் மட்டும்தான். எங்களுக்கு ஏதாவது அவசரம் என்றால் இருட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவது?"

அத்தை அதை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். அப்புறம் கதவை அகலத் திறந்துவிட்டார்.

பெரிய படங்களை மாட்டுவதற்கென்று அவரிடம் முறுக்குக் கயிறு ஒரு பந்து இருந்தது. யானையைக் கட்டினாலும் அறாது போலிருக்கும். பட்டாணி தூங்கும் அறையின் ஜன்னல், அத்தையின் வேலை அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அத்தை கயிற்றைக் கீழே விட்டார். பட்டாணி ஓடிப்போய்ப் பிடித்துத் தன் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இழுத்து, நுனியில் அம்மாவின் பித்தான் டப்பாவைத் தொங்கவிட்டாள். மேலே இருந்து அத்தை இழுத்தால் டப்பா கலகலக்கும். கீழே இருந்து பட்டாணி இழுத்தால்? மறுநுனியை அத்தை தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு காட்டினார். இருட்டியதும் கட்டிக்கொள்வாராம்.

ஓர் இழுப்பு என்றால் 'நலமா?' பதிலுக்கும் ஓர் இழுப்பு வந்தால் 'நலம்'. விடாமல் இழுத்தால் 'உடனே வா'.

சரி, இருட்டில் எப்படிப் பேசுவது? அத்தை கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். பட்டாணி அதில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். 'தண்ணீர்' என்று எழுதியதும் அத்தை சட்டென்று எழுந்து போய்த் தம்ளரைக் கொண்டுவந்தார். அடுத்து 'மிட்டாய்' என்று எழுதினாள். அத்தை கண்ணைத் திறந்து, 'அது புரியவில்லை' என்று கைவிரித்தார்.

அன்று சாயங்காலம் பட்டாணி கயிற்றை விட்ட பாடில்லை. சாப்பிட்டாச்சா என்று ஓர் இழுப்பு. தூக்கம் வருதா என்று ஓர் இழுப்பு. சற்று நேரத்தில் கயிற்றோடு ஓர் அட்டை இறங்கி வந்தது: "சும்மா இழுத்தால் அறுத்துவிடுவேன்."

அதற்கப்புறம் அவள் சும்மா இழுக்கவில்லை.

ஓரிரு நாள் கழித்து, பட்டப்பகலில், ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. தெருவில் கடைகள் இருண்டன. நாற்சந்தி விளக்கு அணைந்து வண்டிகள் ஒன்றோடொன்று முட்டாத குறையாக நின்றன. ரேடியோ சொன்னது உண்மையாகிவிட்டது. அப்பா போன் பேசிக்கொண்டே கருவிப் பெட்டியைத் தூக்கினார். படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, தம்பியின் தலையையும் பட்டாணியின் தலையையும் தடவிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் போனில் சிக்னலும் போய்விட்டது. கீழ்த்தளத்துப் பால் கடைக்காரர், பால் கெட்டுவிடக் கூடாதென்று ஜெனரேட்டரை ஓடவிட்டார். 'டடடடட' என்று அது போட்ட சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா மெழுகுவத்தியை ஏற்றி எடுத்துக்கொண்டு, தம்பி எங்கே தவழ்ந்து போனான் என்று தேடிக்கொண்டு நடைக்கு வந்தார். நடையில் இருந்த தொட்டி அவர் நினைவில் இல்லை.

கால் இடறியது. பெரிய சத்தத்தோடு அம்மா விழுந்தார். மெழுகுவத்தி தொட்டித் தண்ணீரில் விழுந்து 'சுர்' என்று அணைந்தது. வீடு கும்மிருட்டானது.

பட்டாணி சுவரைத் தடவிக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, என்னம்மா ஆச்சு?"

அம்மா அவள் காதருகே வாயை வைத்துப் பேச வேண்டியிருந்தது. "காலு... பட்டாணி, காலை அசைக்க முடியலை. நீ பயப்படாதே. தம்பி எங்கேன்னு பாரு முதல்ல."

தம்பி தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தான். வீடெல்லாம் தண்ணீர்ப் பாத்திரம். இவன் எதில் தலைகுப்புற விழுவான் என்று சொல்ல முடியாது. பட்டாணி அவனைத் தூக்கித் துணிக்கூடைக்குள் உட்கார வைத்து, கூடையை அம்மா கைக்கெட்டும் இடத்தில் நகர்த்தினாள். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஜன்னலுக்கு ஓடி உரக்கக் கத்திப் பார்த்தாள். ஜெனரேட்டர் அவள் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. கீழே இறங்கி ஓடலாம். ஆனால் இருட்டுப் படியில் எவ்வளவு நேரமாகும்? அதற்குள் அம்மா வலியில் மயங்கிவிட்டால் தம்பியை யார் பிடிப்பது?

கை தானாகக் கயிற்றைத் தேடியது. பிடித்து இழுத்தாள். விடாமல் இழுத்தாள்.

கயிறு தொய்வாகவே இருந்தது. அத்தை அதைக் கட்டிக்கொள்ளவில்லையோ? இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சட்டென்று கயிறு விறைத்தது. மேலே இருந்து ஒரே ஓர் இழுப்பு, பலமாக. பித்தான் டப்பா குதித்தது.

அவள் போய்க் கதவைத் திறப்பதற்குள் படியில் டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது.

அத்தை கேள்வியாகப் பார்த்தார். பட்டாணி அவர் உள்ளங்கையைப் பிடித்து எழுதினாள்: 'அம்மா. கால்.' அத்தை அந்த விரலை ஒரு நொடி இறுகப் பிடித்துவிட்டு உள்ளே போனார்.

டார்ச்சைக் கீழே வைத்து அம்மாவின் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வீங்கத் தொடங்கியிருந்தது. 'அசைக்காதே' என்று அம்மாவுக்குக் கை காட்டினார். அப்புறம் தன் காலைத் தொட்டு, ஒரு குச்சியை ஒடிப்பதுபோல் சைகை செய்து, வெளிச்சத்தில் காட்டினார்.

"அத்தைக்கும் ஒரு தடவை கால் ஒடிஞ்சிருக்காம்மா. என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியுமாம்" என்று பட்டாணி அம்மாவின் காதில் சொன்னாள்.

அத்தை மேலே ஓடி, இழைத்து வழவழப்பாக்கிய இரண்டு மரச் சட்டங்களோடு திரும்பி வந்தார். பட்டாணி தையல் கூடையிலிருந்து துணிகளை அள்ளி வந்தாள். காலின் இரு பக்கமும் துணியை மெத்தையாக வைத்து, அதன்மேல் சட்டங்களை வைத்து, காயத்துக்கு மேலும் கீழும் கட்டினார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அத்தை அம்மாவின் கால்விரலைத் தொட்டுப் பார்த்தார், இறுக்கம் கூடிவிடவில்லையே என்று. பட்டாணி டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கட்டி முடித்ததும் நீளமாக மூச்சு விட்டார். "அத்தைகிட்ட சொல்லு பட்டாணி. எனக்கும் சட்டம் போட்டாச்சு. தெரியாத்தனமா சுவத்துல மாட்டிடப் போறாங்க."

பட்டாணி அதைக் கையால் சொல்லிக் காட்டினாள். அத்தை சிரித்த சிரிப்பு ஜெனரேட்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. துணிக்கூடையில் இருந்த தம்பியும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தான்.

அத்தை வீட்டுக்குப் போகவில்லை. தொட்டியையும் வாளிகளையும் சுவரோரமாக ஒதுக்கினார். தம்பிக்குச் சோறு ஊட்டினார். பட்டாணி தூங்கிப்போகும் வரை அம்மாவின் தலைமாட்டில் அவர் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது. விடியும்போது கண் விழித்தாள். அப்போதும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

விடிந்து சற்று நேரத்தில் அப்பா வந்தார். அம்மாவின் காலைப் பார்த்ததும் கருவிப் பெட்டி கையிலிருந்து நழுவியது. நடந்ததைப் பட்டாணி சொல்லச் சொல்ல, அவர் அம்மாவைப் பார்ப்பதும் அத்தையைப் பார்ப்பதுமாக இருந்தார். உடனே அம்மாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, வேலை வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பட்டாணியும் கூடவே போனாள். தம்பி அத்தையிடம் இருந்தான்.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கட்டை அவிழ்க்காமலே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "யார் கட்டினது? எலும்பு கொஞ்சம்கூட விலகலை. இப்படிக் கட்டாம நீங்க நடந்திருந்தா பெரிய ஆபரேஷன் ஆகியிருக்கும். இப்போ மாவுக்கட்டே போதும்."

அம்மா பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார்.

மத்தியானம் வீடு திரும்பினார்கள். மின்சாரம் இன்னும் வரவில்லை. அத்தை தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, மரத்துண்டுகளை அடுக்கி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவர் எதிரில் போய் நின்றார். பட்டாணியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நேத்திலேர்ந்து எத்தனை பேரை லிஃப்ட்டுலேர்ந்து இறக்கிவிட்டிருப்பேன். ஒவ்வொருத்தரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னாங்க. இப்போ நான் சொல்லணும், எனக்குச் சொல்லத் தெரியலையே. எப்படிடா சொல்றது?"

"விரல் நுனியை மோவாயில வெச்சு, கையை அவங்க பக்கமா இறக்கணும்ப்பா. அவ்வளவுதான்."

அப்பா போய் நிமிர்ந்து நின்றார். அவசரத்தில் கையை மூக்கில் வைத்து, பலமாக வீசிக் காட்டினார்.

அத்தை திகைத்துப் பார்த்தார். அப்புறம் ராத்திரி முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிடந்து கிரீஸும் வியர்வையுமாக நின்ற அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"அப்பா, 'நாத்தம் தாங்கலை'ன்னு சொல்லிட்டீங்க. அத்தை ஆமாங்கிறாங்க" என்றாள் பட்டாணி.

அம்மா கால் வலியை மறந்து சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மோவாயில் விரலை வைத்து, மெதுவாக, சரியாகச் சொன்னார். ஒரு தடவை சொன்னது போதவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவையும் சொன்னார். கட்டிலில் இருந்து அம்மாவும் சொன்னார்.

அத்தை பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்து எழுதினார்: "வக்கீலைத் தேடி வருகிறவர்களை விட்டால், எல்லோரும் எனக்கு உதவத்தான் மாடியேறி வருவார்கள். என்னிடம் உதவி கேட்டு வந்தது இவள் ஒருத்திதான்."

எழுதியதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பட்டாணியின் பக்கம் திரும்பினார். விரல் நுனியைத் தன் மோவாயில் வைத்து, கையை அவளை நோக்கி மெல்ல இறக்கினார்.

அத்தனை கைச்சைகை தெரிந்த பட்டாணிக்கு, அந்த நேரத்தில் தன் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.